இறுக்கிவிட்டேன் என்று சொன்னேன்

என் மனைவியின் வலது கையை முறித்தவன் நான்தான்.

அடித்து முறிக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் ஊர் என்னைக் கேள்வி கேட்டிருக்கும். பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். நான் செய்தது சத்தமில்லாத வேலை. அவளுடைய சைக்கிளில் இரண்டு போல்ட்டுகளை அரைகுறையாக முறுக்கிவிட்டு, "இறுக்கிட்டன்" என்று சொன்னேன். அதை நம்பி அவள் மலையில் இறங்கினாள்...

அவளுக்கு இன்றுவரை தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சாய்ந்தமருதில் இல்லை, என் முகமும் உங்களுக்குத் தெரியாது. என் துணிச்சல் அவ்வளவுதான் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பாலமுனைக்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். ஜெஸீமாவை முடித்துச் சாய்ந்தமருதுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. நான் படுத்தெழும்பும் வீடு அவள் பெயரில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமியின் வீடு. மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குப் பூட்டு இல்லை.

குறையாகச் சொல்லவில்லை. பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் மரியாதை தாராளம். மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். அந்த மரியாதையில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றுவதும் அவன் பாடுதான். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போக விளங்கும்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்களில் மதகுகளைப் பார்வையிடுகிறவன் நான். கதவு ஒழுங்காக இறங்குகிறதா, போல்ட்டுகள் இறுக்கமா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பேன். இறுக்கமில்லாத ஒன்றுக்கு நான் கையெழுத்து வைத்ததாக யாரும் சொல்ல முடியாது!

சைக்கிள் எங்கள் வீட்டுக்குள் வந்தது பெற்றோல் இல்லாமற்போன காலத்தில். ஊரே வரிசையில் நின்றபோது ஜெஸீமா பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவள் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. பெற்றோல் வந்ததும் எல்லாரும் சைக்கிளைச் சுவரில் சாத்தினார்கள். அவள் சாத்தவில்லை. எனக்கும் ஒன்று தேடி வாங்கினோம்.

சனிக்கிழமைகளில் விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்புவோம். காரைதீவுச் சந்தியில் திரும்பினால் மாவடிப்பள்ளி வரை இரண்டு பக்கமும் வயல். தலைக்கவசத்துக்குள் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு அவள் முன்னால் போவாள். காற்று எதிர்த்து அடித்தால் நான் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். "பிள்ளையில்லாததுகள், சுத்தட்டும்" என்று யாரோ சொன்னதாக ஒருநாள் காதில் விழுந்தது. அவள் சிரித்தாள். பிறகு அவளுடைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேரும் எங்களோடு சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஓட்டப் பழக்கியது அவள்தான்.

என்னைவிட அவள் நன்றாக ஓட்டினாள். இந்தக் கதைக்கு இது முக்கியமா? எனக்குத் தெரியவில்லை... முக்கியமாக இருக்கலாம்.

பினாங்குக்குப் போகும் யோசனை அவளுடையது. அவளுடைய தம்பி அஸ்மி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். "தம்பியப் பார்த்த மாதிரியும் இரிக்கும். சைக்கிளக் கொண்டுபோய் ஒரு கிழமை ஓடுவமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே ஆசை பிடித்துக்கொண்டது. ஊருக்குத்தான் பிடிபடவில்லை. "சைக்கிள பிளேன்ல ஏத்திறயா? ஏன், மலேசியாவில சைக்கிள் இல்லியாமா?" என்று கேட்காத ஆளில்லை.

கல்முனை பஸாரில் சைக்கிள் கடையொன்றில் இரண்டு பெரிய மட்டைப் பெட்டிகள் வாங்கி வந்தேன். பெடல்களைக் கழற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் சைக்கிள் பெட்டிக்குள் அடங்கும். அவள் கைபேசியில் வீடியோவைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கழற்றினேன். போல்ட்டு முறுக்கும் சாவிகள் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டி அவளுடைய பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தப் பெட்டியை ஒட்டப்போகும் நேரம் மதில் கதவைத் திறந்துகொண்டு மாமி வந்தார். கையில் அஸ்மிக்கு ஒரு பார்சல். கருவாடு, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், ஒரு போத்தல் தேன்.

"மகன், இந்தப் பெட்டிக்குள்ள பாதி காத்துதானே கிடக்கு. இத ஒரு மூலையில வைங்க."

வைத்தேன். வெளிநாட்டுக்குப் போகிறவன் பெட்டியில் உறவுக்காரரின் பார்சல் இல்லாமல் எங்கள் ஊரிலிருந்து ஒரு பயணம் நடந்ததுண்டா? மாமி போகும்போது வாசலில் நின்று, "என்ட புள்ள உங்கட பொறுப்பு மகன்" என்றார். "ஓம் மாமி" என்றேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஜெஸீமாவின் பெட்டி நிறை கூடிவிட்டது. என்னுடையதும் எல்லையில்தான் நின்றது. எடுக்கக்கூடியதை எடுங்கள் என்றார்கள். தரையில் குந்தியிருந்து பெட்டியைக் கிழித்தேன். எடுக்கக்கூடியவை இரண்டுதான். மாமியின் பார்சல், அல்லது சாவிச் சுருட்டு.

"உம்மாட பார்சலத் திருப்பி அனுப்புவம். வேன் இன்னும் நிக்கிதானே" என்றாள் ஜெஸீமா.

"மாமி என்ன நினைப்பா?"

"உம்மாக்கு நான் சொல்றன்."

அவள் சொல்லியிருப்பாள். மாமியும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மறந்திருப்பார். எனக்கு அந்த இரண்டு நாள் முகம் வேண்டாமாயிருந்தது. மாப்பிள்ளை சைக்கிளைக் கொண்டுபோனார், மகனுக்குக் கொடுத்த கருவாட்டைத் திருப்பி அனுப்பினார் என்ற பேச்சு வேண்டாமாயிருந்தது. சாவிச் சுருட்டை வேன் சாரதியிடம் கொடுத்தேன். அது சாய்ந்தமருதுக்குத் திரும்பிப் போனது.

சைக்கிள் இருக்கைக்குக் கீழே தொங்கும் சின்னப் பையில் ஒரு மடக்குச் சாவி இருந்தது. வழியில் அவசரத்துக்கு வைத்திருப்பது. அது போதும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா... நினைத்ததாகத்தான் ஞாபகம்.

பினாங்கில் அஸ்மி எங்களுக்கு எடுத்துத் தந்த அறையில் கழற்றியதையெல்லாம் பொருத்திச் சைக்கிள்களைப் பூட்டினேன். முதலில் என்னுடையதைப் பூட்டினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்: முதலில் என்னுடையது! அதன் ஹேண்டிலை இறுக்கும்போதே சாவியின் மூலைகள் தேய்ந்துவிட்டன. அவளுடையதற்கு வந்தபோது சாவி போல்ட்டுக்குள் வழுக்கியது. பிடித்து அழுத்தி முறுக்கினால் கொஞ்சம் போகும், பிறகு நழுவும்.

"தாங்க, நான் பூட்டிப் பார்க்கிறன். நானும் பழகத்தானே வேணும்" என்றாள் ஜெஸீமா.

"விடு, இது என்ட வேலை."

அஸ்மி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், இந்த ரோட்டுலயே சைக்கிள் கடை ஒண்டு இரிக்கி. நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குத் திறப்பான். நல்ல சாவி ஒண்டு வாங்கித் தரட்டா?"

"தேவையில்ல" என்றேன். மதகுக் கதவுகளுக்குக் கையெழுத்து வைக்கிறவனுக்கு ஒரு சமையற்காரப் பையன் சாவி வாங்கித் தருவதா?

மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறுமுன் மலையைத் தாண்ட வேண்டும் என்று அவசரப்பட்டவன் நான். அவள் ஏறியிருந்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். எங்கோ ஒரு மெல்லிய சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"நல்லா இறுக்கினீங்களா?"

"இறுக்கிட்டன்."

பொய் என்று தெரிந்தே சொன்னேனா? இதை என்னிடம் நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சாவி வழுக்கியது எனக்குத் தெரியும். எவ்வளவு இறுகியது என்பது தெரியாது. தெரியாத ஒன்றுக்கு 'ஓம்' சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்...

கடலோரமாகப் போய், தெலுக் பஹாங்கைத் தாண்டி, மலையில் ஏறும் வீதி. இரண்டு பக்கமும் காடு. நடுநடுவே டுரியான் பழக் கடைகள். ஏற்றத்தில் அவள் என்னை விட்டுவிட்டு ஏறினாள். உச்சியில் காத்திருந்து, "கிழவன் வந்திட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். முகம் முழுக்க வியர்வை. அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகக் கண்டது அதுதான் கடைசி. இதை எழுதும்போது ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

இறக்கத்திலும் அவள் முன்னால். ஒரு வளைவில் வீதி திருத்திய இடம் மேடாயிருந்தது. அவள் சைக்கிள் அதில் ஏறிக் குதித்தது. அவள் ஹேண்டிலைத் திருப்பியதைப் பின்னால் வந்த நான் கண்டேன். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. அது நேராகப் போனது, வீதியோர வடிகான் இருந்த பக்கம்.

அவள் ஒரு சத்தமும் போடவில்லை. சைக்கிள்தான் சத்தம் போட்டது.

நான் இறங்கி ஓடினேன். இப்போது சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன்... என் கண் முதலில் போனது அவளிடமல்ல, ஹேண்டிலிடம். அது சக்கரத்துக்குக் குறுக்கே திரும்பிக் கிடந்தது.

அவளைத் தூக்கி வீதியோரத்தில் இருத்தினேன். வலது கை முழங்கையில் தவறான பக்கம் பார்த்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள். பழக்கடைக்காரர் ஒருவர் தன் வாகனத்தை எடுக்க ஓடினார். அந்த நேரத்தில், அவள் கண் மூடியிருந்த அந்த நேரத்தில், நான் முன்சக்கரத்தை என் இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் வைத்து நெரித்துக்கொண்டு ஹேண்டிலை நேராக்கினேன்!

யாரும் காணவில்லை. கண்டிருந்தாலும், சைக்கிளைப் பத்திரப்படுத்துகிறான் பாவம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வாகனத்தில் போகும்போது அவள் கண் திறந்தாள்.

"நான் திருப்பினன்... அது திரும்பல்ல."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்த பிறகு மறுபடி சொன்னாள். இந்தமுறை தெளிவாக, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல.

"இஞ்சாருங்க, நான் ஹேண்டிலத் திருப்பினன். சைக்கிள் திரும்பல்ல. எனக்கு நல்லா ஞாபகம்."

"பயத்தில அப்படித்தான் தெரியும்" என்றேன். "நீ முன் பிரேக்கப் பிடிச்சிட்டாய். நான் பின்னால பார்த்துக்கொண்டுதானே வந்தன்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். சந்தேகப்பட்ட பார்வை இல்லை அது. தன் ஞாபகத்தை என் ஞாபகத்தோடு வைத்துப் பார்க்கிறாள். அதில் எது விழும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"அப்படியா?" என்றாள்.

"ஓம்."

பின்னேரம் அஸ்மி அழுதுகொண்டு வந்தான். அவனிடம் அவளே சொன்னாள்: "நான்தான் தம்பி... பயத்தில பிரேக்கப் பிடிச்சிட்டன்."

ஒரே பகலில் முடிந்துவிட்டது. முதலில் நான் போல்ட்டைத்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. போல்ட்டு ஒரு கவலையீனம். யாருக்கும் நடக்கும். அவள் உண்மையைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னாள். அதை நான் அவளிடமிருந்து பிடுங்கி எறிந்தேன். கை முறிந்து கிடந்தவளிடம்!

அவள் நன்றாக ஓட்டினாள் என்று சொன்னேனல்லவா? "நீ பிரேக்கப் பிடிச்சிட்டாய்" என்று சொன்னபோது எனக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. அது பிடிபடாமல் தப்பிய நிம்மதி மட்டும்தானா? அல்லது... இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தக் கடையில் நல்ல சாவி ஒன்று வாங்கி, போல்ட்டுகளைத் திருகிப் பார்த்தேன். இரண்டும் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போயின. அரைகுறை என்று மேலே எழுதினேன். அரை கூட இல்லை.

ஊருக்கு வந்தோம். மாமி மதில் கதவில் நின்றார். மகளின் கைக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன சொல்வேன் என்று வேனுக்குள்ளேயே ஆயத்தப்படுத்தியிருந்தேன்.

"பயந்து பிரேக்கப் பிடிச்சிட்டா மாமி. அல்லாஹ்ட காவல், தலையில ஒண்டும் படல்ல."

மாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம்தான் திரும்பினார். "இதுக்குத்தான்டி சொன்னன், பொம்புளைக்கு என்னத்துக்கு மலையும் சைக்கிளும் எண்டு." ஜெஸீமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்தேன். அன்று பகல் மீனில் நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது. சாப்பிட்டேன்.

கருவாட்டின் தலையில் பழியைப் போட்டுவிடலாம் என்று சில நாள் முயன்றும் பார்த்தேன். அந்தப் பார்சல் மட்டும் இல்லாதிருந்தால்... பாவம், கருவாடு என்ன செய்யும்? அஸ்மி அதை ருசித்துச் சாப்பிட்டான்.

கை கூடிவிட்டது. முழுதாக நீளாது. கரும்பலகையின் மேல்வரியில் எழுத எட்டாமல், அதற்குக் கீழேயிருந்து தொடங்குகிறாள். தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்தும்போது வலது கை இடதுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். அவளுக்கு அது பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் பார்க்க முடியாமல் எழும்பிப் போய்விடுவேன். இப்போது பார்க்கிறேன். நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை.

கையை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அவள் சைக்கிளைத் தொடுவதில்லை. அந்த இரண்டு ஆசிரியைகள் கூப்பிட வந்தபோது, "எனக்குச் சரிவராது. அவசரம் எண்டு வந்தா என்ட மூளை நிண்டுபோகும், பினாங்குல பார்த்தன்தானே" என்றாள். அவளுக்கே சரிவராதென்றால் நமக்கு எப்படி என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ஸ்கூட்டர் லைசென்ஸுக்குக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை அப்படியே விட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் பொறுப்பை இவளிடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். நாற்பது பிள்ளைகள், ஏதாவது ஒன்றென்றால் நான் பயந்துவிடுவேன் என்று அதிபரிடமே சொன்னாளாம். முன்பு மெயின் வீதியைத் தனியே கடப்பவள் இப்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கிறாள்.

அந்த வளைவில் அவள் பயப்படவேயில்லை. சரியான நேரத்தில் சரியான பக்கம் திருப்பினாள். அதைக் கண்ட ஒரே சாட்சி நான்!

சொல்ல வாய்ப்பில்லாமலா போனது? ஆயிரம் வாய்ப்பு. ஒவ்வொரு நாளும் சோற்றுக் கோப்பையோடு எதிரே வந்து உட்காருகிறாள். இன்று சொல்லலாம் என்று நினைப்பேன். மதிலின் அந்தப் பக்கம் மாமியின் இருமல் கேட்கும். குழம்புக்கு உப்புப் போதுமா என்று அவள் கேட்பாள். போதும் என்பேன்.

போன மாதம் உம்மாவும் மகளுமாக மக்காவுக்கு உம்றா போவதென்று முடிவாயிற்று. அஸ்மி பினாங்கிலிருந்து நேரே வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவேயில்லை. அங்கே போய் நின்று என்ன கேட்பது? அடியாருக்குச் செய்த பிழையை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்துவிட்டார்கள்.

உம்றாவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடுவீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். கேட்கப்பட்டவர் "மாப்பு" என்று வாயால் சொல்ல வேண்டும். ஜெஸீமா ஒரு கிழமையாக அலைந்தாள். நற்பிட்டிமுனையில் இருக்கும் பழைய மாணவி வீடு வரை போய்வந்தாள். எப்போதோ ஒருநாள் அந்தப் பிள்ளைக்குக் காதைத் திருகினாளாம்.

மாமியும் என்னிடம் வந்தார். "மகன், நானும் உங்களுக்கு என்னென்ன கரைச்சல் தந்தனோ. மாப்புச் செய்ங்க." மாப்புச் செய்தேன்.

அவர்கள் போய் இன்றோடு ஐந்து நாள். புறப்பட்ட அன்று பின்னேரம் அஸருக்குப் பின், வேன் வாசலில் நிற்க, பைகள் ஏறிவிட்டன. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். புது வெள்ளை அபாயா. என் எதிரே கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"எல்லாரிட்டயும் கேட்டுட்டன். உங்களிட்டத்தான் கேட்கல்ல."

"நமக்குள்ள என்ன..."

"இரிக்கி. எவ்வளவு ஆசையாப் பினாங்குக்கு வெளிக்கிட்டீங்க. நான்தானே எல்லாத்தையும் பாழாக்கினன். பயந்து பிரேக்கப் பிடிச்சி... உங்களுக்கும் சைக்கிள் ஓட்டமில்லாமப் போச்சி. ஒரு நாளாவது அதச் சொல்லிக் காட்டினீங்களா? இல்ல. அதுதான் எனக்குப் பாரமா இரிக்கி. அந்தப் பிழைய மாப்புச் செய்ங்க."

நான் அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பாதி மடிந்து கிடந்தது. 'போல்ட்ட நான் இறுக்கல்ல.' மூன்று சொல். மதில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமி கூப்பிட்டார். பயணம் போகிறவளின் மனதை இந்த நேரத்தில் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். எனக்கு நல்ல நல்ல காரணங்கள் எப்போதும் கிடைத்துவிடுகின்றன!

"மாப்பு" என்றேன்.

அவள் எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"முழுசா?"

"முழுசா" என்றேன்.